மணிக்கயிற்றில் ஒரு துண்டு

கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று சிஸ்டர் சொன்னபோது சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் மணி அடித்த பிறகுதானே மௌனம், அதன் பிறகுதானே போனை வாங்குவார்கள் என்று அவள்பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சிஸ்டரோ தியான இல்லத்தின் வாசலில் மேசை போட்டு, ஒவ்வொருவர் போனையும் ஒரு துணிப்பையில் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்து அலமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. இந்தச் சிரிப்பிடம் பேரம் படியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. இருந்தாலும் சின்னவள் விடவில்லை, அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வரும் என்று ஒரு பொய் சொன்னாள். தியானத்துக்கு வந்த இடத்தில், அதுவும் வாசற்படியைத் தாண்டுவதற்குள் பொய். வந்தால் நானே எடுத்துப் பேசிக்கொள்கிறேன் என்று சிஸ்டர் கையை நீட்டினார். பின்னால் நின்ற பெரியவள் தன் போனை ஏற்கெனவே அணைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"குடுத்துடு டி," என்றாள். "சரி, அடுத்தது?"

அது பெரியவளின் வாய்ச்சொல், சொல்லும்போது உள்ளங்கையை மேலே விரிப்பாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் அதைத்தான் சொல்வாள். மாமனாரை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கூடத்தில் திக்கற்றுப் போய் உட்கார்ந்திருந்த அன்றும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாடியும் கீழுமாக ஒரே வீட்டில் குடித்தனம். ஓரகத்திகள் என்றால் முட்டிக்கொள்வார்கள் என்று ஆவலோடு காத்திருந்த உறவுக்காரர்கள் எல்லாம் ஏமாந்துதான் போனார்கள். சண்டை வராமல் இல்லை. சின்னவளுக்குத் தண்ணீர் வாரியத்தின் புகார் பிரிவில் தொலைபேசி எடுக்கிற வேலை. பகலெல்லாம் ஊரார் திட்டுவதைக் கேட்டுவிட்டு வருகிறவள், தானும் யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் சாப்பாடு இறங்கும் என்று இருப்பாள். பெரியவளோ மழலையர் பள்ளியில் பாட்டு டீச்சர். ஒரே நேரத்தில் ஒரு வகுப்பே அழுதாலும் அசராதவள். கேட்டுக்கொள்வாள். கேட்டு முடித்துவிட்டு, சரி, அடுத்தது என்பாள்.

அந்தப் பெரியவளின் குரல்வளையில் இப்போது ஒரு கட்டி. அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மூன்று நாள் தியானம் முடிந்ததும் அவள் வீட்டுக்காரர் வந்து இங்கிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கத்தி வைத்த பிறகு குரல் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுமா என்பதையே இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேச முடிகிற கடைசி நாட்களைப் போய் எந்தப் பைத்தியக்காரியாவது மௌனத் தியானத்தில் கழிப்பாளா என்று சின்னவள் வீட்டில் குதித்துத் தீர்த்தாள். "வீட்டுல உக்காந்து பயப்படுறத, அங்க போய் உக்காந்து பயந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் பெட்டியில் துணி அடுக்கினாள். தனியாக விட மனம் வராமல் சின்னவளும் லீவு போட்டு ஒட்டிக்கொண்டாள். மற்றபடி அவளுக்குக் கோயில் என்றால் பெரியவள் பாடுகிற இடம். அதற்கு மேல் பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

ஆனால் வரும்போது ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பெரியவளின் குரலைத் தன் போனில் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாட்டு, கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். சின்னவளின் அம்மா அவள் நடை பழகும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் இருக்கிறது, புடவை இருக்கிறது, குரல் இல்லை. "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே எந்தத் தெருவிலிருந்து யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுகிற அவளுக்கு, அம்மா எப்படிப் பேசுவாள் என்பது மட்டும் தெரியாது. இன்னொரு முறை அப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்க அவள் தயாராக இல்லை. வீட்டில் வேண்டாம், பிள்ளைகள் பார்த்தால் பயந்துவிடுவார்கள், தியான இல்லத்துத் தோட்டத்தில் மணி அடிக்கும்வரை நேரம் இருக்கும், அங்கே பாடுகிறேன் என்று பெரியவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அந்தப் போன் சுருக்குப் பைக்குள் போய் அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. போகட்டும், பதிவு இல்லாவிட்டாலும் உட்கார்ந்து கேட்டாவது காதுக்குள் வைத்துக்கொள்வோம் என்று சின்னவள் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

தோட்டத்துக்குப் போவதற்கு முன் அறை. ஆறாம் எண் அறையின் சாவி பூட்டுக்குள் போனது, திரும்ப மறுத்தது. சின்னவள் முறுக்கிப் பார்த்தாள், கதவைத் தோளால் இடித்துப் பார்த்தாள், யார் பூட்டுப் போட்டார்களோ அவர்களுடைய பரம்பரையையே விசாரித்தாள். வரிசையில் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எண்ணெய் விடச் சொன்னார் ஒருவர். ஜெபம் பண்ணச் சொன்னார் இன்னொருவர். பெரியவள்தான் சாவியில் தொங்கிய தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அது ஆறு இல்லை, ஒன்பது. கூடத்தின் மறுகோடிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பாதியில் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று உருண்டது. "சனியனே" என்று பெரியவளே அதைத் திட்டினாள். திட்டிவிட்டு, குனிந்து சக்கரத்தை எடுத்துப் பெட்டியின் பக்கப் பைக்குள் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. எரிச்சல் அவளுக்கும் வரும். வந்த எரிச்சலை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அடியை வைப்பாள், அதுதான் அவளிடம் இருந்த வித்தை. சின்னவள் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறாள், அது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

ஒன்பதாம் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலே கடகடத்தது. குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் சீறியது. இந்தச் சத்தத்தைச் சின்னவள் போன் வழியாகவே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது, கொஞ்ச நேரம் இருமிவிட்டு ஒரேயடியாகப் பீறிட்டு அடிக்கும், கிட்டே யாரும் போகாதீர்கள் என்று கூடத்தில் நின்று அறிவித்தாள். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பின்கட்டில் தரைத் தொட்டி ஒன்று இருந்தது. பெரியவள் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தங்களுக்கு ஒரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடலாம் என்பது சின்னவளின் திட்டம். ஆனால் பக்கத்து அறை அம்மா ஒருவர் தன் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவத் தண்ணீர் இல்லாமல் வாசலில் நின்றார். அவருக்கு ஒரு வாளி. அவருடைய அறைத்தோழிக்கு முட்டி வலி, அவருக்கு ஒன்று. டாக்டர் பாரம் தூக்காதே என்று சொல்லவில்லையே, பாடாதே என்றுதானே சொன்னார் என்று பெரியவள் சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. பாடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு இதுவரை தெரியாது.

இதற்கிடையே சிஸ்டர் கூடத்துக்கு வந்து, தியானம் கொடுக்க வரும் ஃபாதரின் கார் பாதி வழியில் நின்றுவிட்டது, வேனை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருகிறேன், கீபோர்டு வாசிக்கிற தம்பியும் அவரோடுதான் இருக்கிறார், வந்ததும் வரவேற்பு, ஜெபம், அதன் பிறகு மணி என்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தியானத்துக்கு வந்தவர்கள் என்பதால் யாரும் வாய்விட்டு முணுமுணுக்கவில்லை, மூக்கால்தான் முணுமுணுத்தார்கள். சின்னவளுக்கு மட்டும் உச்சி குளிர்ந்தது. ஃபாதர் எவ்வளவு தாமதமாக வருகிறாரோ அவ்வளவு நல்லது. பெரியவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

சிற்றாலயத்துக்கு எதிரே மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. பெரியவள் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலில் இருந்த கரகரப்பைச் சின்னவள் கவனிக்காதது போல இருந்தாள். பாட வேண்டாம், டாக்டர் சொன்னதைக் கேட்போம், பேசுங்கள், அது போதும் என்றாள். என்ன பேச என்று பெரியவள் கேட்டாள். எதையாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பற்றி, எதுவானாலும் சரி என்றாள். பெரியவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கு," என்று ஆரம்பித்தாள், "சமையல்கட்டுல போய் நின்னுகிட்டு..."

மணி அடித்தது.

அடித்தது யார் என்பதைச் சின்னவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கோபுரத்து மணியின் கயிறு சிற்றாலயத்தின் சுவரில் இருந்த வளையத்துக்குள் புகுந்து, வராந்தாத் தூண்களை ஒட்டித் தலைக்குமேல் நீண்டு, சமையல்கட்டு வாசலில் முடிந்தது. சமைக்கிற சிஸ்டர் இருந்த இடத்திலிருந்தே இழுப்பதற்கு அப்படி ஓர் ஏற்பாடு. தியானத்துக்கு வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர், சின்னவள் சொன்னதைக் கேட்காமல் குழாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அதுவும் அவள் சொன்னபடியே பீறிட்டிருக்கிறது. தலைமுதல் கால்வரை நனைந்தவர் வேறு சட்டை மாற்றிக்கொண்டு, ஈரத் துண்டைக் காயப்போட இடம் தேடி வராந்தாவுக்கு வந்தார். கயிறு ஒன்று கிடைத்தது. துண்டை அதில் போட்டு, பறந்துவிடக் கூடாதென்று ஒரு முடிச்சும் போட்டார். கயிறு தொய்வாக இருந்தது. லாரியில் தார்ப்பாய் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? விறைப்பாக இருக்கட்டும் என்று காலை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தார், தளரவிட்டு மறுபடியும் ஒன்று இழுத்தார். தலைக்குமேல் எங்கோ மணி முழங்கியது. அவர் திடுக்கிட்டுக் கயிற்றை விட்டுவிட்டு, மௌனம் தொடங்கிவிட்டது என்று பக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடித்தது தான்தான் என்பது அந்த மனுஷனுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

தோட்டம் முழுவதும் பேச்சு வெட்டினாற்போல் நின்றது. மருமகனின் அநியாயங்களைச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அம்மா "அப்புறம் அவன் என்ன பண்ணான்னா" என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சமையல்கட்டுச் சிஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். வேனில் போன பெரிய சிஸ்டர் திரும்பி வந்து அடித்துவிட்டார் போலிருக்கிறது என்று அவரும் உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அக்கா, அது பொய் மணி," என்றாள் சின்னவள். "அந்த ஆளு துண்டு காயப்போட்டாரு. நீங்க சொல்லுங்க."

பெரியவள் வராந்தாவைப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட துண்டையும் கைகட்டி நின்ற டிரைவரையும் பார்த்தாள். தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சின்னவள் மன்றாடிப் பார்த்தாள், குரலை உயர்த்திப் பார்த்தாள். நாலு பக்கத்திலிருந்தும் "உஷ்" என்றார்கள். நேராகச் சமையல்கட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். சிஸ்டர் கனிவோடு உதட்டில் விரலை வைத்துக் காட்டி, அவள் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். முதல் தடவை மௌனத்துக்கு வருகிறவர்கள் இப்படித்தான் தடுமாறுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்கிற ஒருத்தியை ஒரு கூட்டமே சேர்ந்து பாவியாக்கிவிட்டதே என்று ஆத்திரமாக இருந்தது. பெரியவள் முன்னால் திரும்பி வந்து நின்றாள்.

"இருக்கிற கொஞ்ச நாளையும் இப்படி வாய மூடிகிட்டு கழிப்பீங்களா? எனக்கு உங்க குரல் வேணும்கா. வேற ஒண்ணும் கேக்கல."

பெரியவள் அவள் கன்னத்தைத் தொட்டாள். அவ்வளவுதான். சின்னவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவதென்று வாசலுக்கு நடந்தாள். அலமாரி பூட்டியிருந்தது; சாவி சிஸ்டரோடு வேனில் போயிருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்புவதற்குக்கூட இந்த இல்லத்தில் வழியில்லை. மேசைக்குப் பின்னால் சிஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தாள். அங்கிருந்து பார்த்தால் வராந்தாவும் கூடமும் நன்றாகத் தெரிந்தன.

பெரியவள் மறுபடியும் வாளியைத் தூக்கியிருந்தாள். அவர்களுடைய ஒன்பதாம் அறை வாசலில் புதிதாக வந்த ஒரு பெண் சாவியோடு மல்லுக்கு நின்றாள். பெரியவள் அவள் கையிலிருந்த தகட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை. பல்செட் அம்மா எதையோ தேடித் தவித்தார். பெரியவள் தன் பல்லைத் தொட்டுக் காட்டி, ஜன்னல் விளிம்பில் இருந்த கிண்ணத்தைக் காட்டினாள். அறைக் கதவைத் திறந்துபோட்டு, கடகடக்கிற மின்விசிறிக்குக் கீழே நின்று டிரைவரைக் கைதட்டாமல் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஏதோ திருகினார், சத்தம் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் அழுகிற பிள்ளைகளின் நடுவே அவள் இப்படித்தான் நடமாடுவாளாக இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பகலெல்லாம் காதையே நம்பிப் பிழைக்கிறவள் அவள். காதைத் தாண்டியும் இந்த மனுஷி இவ்வளவு இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. இவளோடு ஒரே வீட்டில் வாழக் கொடுத்துவைத்திருக்கிறோம் என்று மனம் நிறைந்து தோன்றியது.

வெயில் இறங்கும் நேரத்தில் வேன் வந்தது. சிஸ்டர் இறங்கியதும் சின்னவள் எழுந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், தான் வாசலில் சொன்ன பொய் உட்பட. சிஸ்டர் வராந்தாவைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு ஃபாதர் பக்கம் திரும்பிவிட்டார். ஃபாதர் கையில் பையோடு நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தார். கீபோர்டுத் தம்பியைக் காணோம். காருக்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். சிஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு, மௌனம் இன்னும் தொடங்கவில்லை, ஜெபம் முடிந்த பிறகுதான் மணி, அதுவரை பேசலாம் என்றார். அணையைத் திறந்துவிட்டது போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மருமகன் என்ன பண்ணினான் என்பது முதலில் வெளியே வந்தது.

டிரைவர் மட்டும் துண்டின் கீழே குன்றிப்போய் நின்றார். அத்தனை பேர் பார்வையும் அவர்மேல் இருந்தது. பெரியவளின் முதல் பேச்சைக் கேட்கச் சின்னவள் ஓடிவந்தாள். பெரியவளோ அவளைத் தாண்டி நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, நீங்க இழுத்தது நல்ல இழுப்பு," என்றாள், கரகரவென்று. "ஜெபம் முடிஞ்சதும் நீங்களே அடிங்க. தெரிஞ்சே அடிங்க."

அவர் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள், இந்த முறை அவரோடு சேர்ந்து. அதன் பிறகுதான் பெரியவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். சிற்றாலயத்துக்குள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். இருவரும் வாசலில் ஒதுங்கி நின்றார்கள்.

"கோவமா?" என்று கேட்டாள். "இங்க ஏன் வந்தேன்னு வீட்டுல சொல்லல. பேசாம இருந்து பாக்கணும்னுதான் வந்தேன். அது எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சு தூக்கமே இல்ல டி. இப்போ கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டேன். சாவி தெறந்துச்சு. தண்ணி வந்துச்சு. அந்த அண்ணன் நான் சொன்னதக் கேட்டாரு." சொல்லிவிட்டு உள்ளங்கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். "பயம் இருக்கு. காலைல இருந்த அளவு இல்ல."

உள்ளே ஃபாதர் ஆரம்பப் பாட்டை யாராவது எடுத்துக்கொடுங்கள் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்னவள் பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தாள், வேண்டாம் என்று. பெரியவள் ஒரு வரி மட்டும் என்று விரலைக் காட்டிவிட்டு வாசலில் நின்றபடியே பாடினாள். பழைய குரல் இல்லை அது. அடியில் மணல் இருந்தது. இருந்தாலும் அவள் குரல்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வரி மேலே ஏறுகிற இடத்தில் குரல் அறுந்து வெறும் மூச்சாகிவிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியவள் வாயை மூடவில்லை. பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி கையை மட்டும் உயர்த்தி, அந்த மேட்டைக் காற்றில் வரைந்து காட்டினாள். பாடத் தெரியாத, பாடியே இராத, ஊருக்கெல்லாம் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் சொல்லிப் பழகிய ஒரு குரல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறியது. தன் குரல்தான் அது என்று சின்னவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. சுருதி அங்கும் இங்கும் ஓடியது. ஆனால் நிற்கவில்லை. அடுத்த வரியில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெபம் முடிந்தது. டிரைவர் வராந்தாவில் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி உள்ளே பார்த்தார். பெரியவள் தலையசைத்தாள். மணி விழுந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. கல்யாணமாகி வந்த அன்று சமையல்கட்டில் என்ன நடந்தது என்பது சொல்லப்படாமலே நின்றுவிட்டது.

பெரியவள் திரும்பி, உள்ளங்கையை மேலே விரித்துக் காட்டினாள். சின்னவளுக்கு அதைப் படிக்கச் சிரமமே இருக்கவில்லை. பின்கட்டுக்குப் போனார்கள். வாளியை நிரப்பி, அதன் பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, இருட்டத் தொடங்கிய வராந்தா வழியாக ஒன்பதாம் அறையை நோக்கி நடந்தார்கள். தண்ணீர் இருவர் காலிலும் மாறி மாறித் தளும்பியது. இருவரும் வாயைத் திறக்கவில்லை. வாளியின் பிடி மட்டும் வழியெல்லாம் கிறீச் கிறீச்சென்று பேசிக்கொண்டே வந்தது.